உடைந்த சுங்கானை ஒட்டும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

தாத்தாவின் சுங்கான், அதாவது புகையிலை பிடிக்கும் மரப் பைப், அலமாரியின் மேல்தட்டிலிருந்து விழுந்து, தண்டு இரண்டாகப் போனது. வீட்டில் இருந்த ஃபெவிக்விக்கை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். நொடியில் பிடித்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால், ஒட்டிய இடத்தைச் சுற்றி விபூதி பூசியதுபோல் வெள்ளைப் படலம். ஊதிப் பார்த்தால் காற்றே போகவில்லை. பசை உள்ளே வழிந்து புகை வழியை அடைத்திருந்தது. அசிட்டோன் வைத்துப் பிரித்ததில் மரத்தின் பாலிஷும் சேர்ந்து போனது. அதற்கு அப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்கள். புகையிலை எரியும் குழி, கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி, தண்டு. வாயில் வைப்பது வாய்க்குழல். வாய்க்குழலின் முனையில் தண்டுக்குள் செருகிக்கொள்ளும் மெல்லிய பகுதியை, தச்சர்கள் பாணியில் கழுந்து என்றே சொல்லிவிடுவோம்.

படி 1: உடைப்பு எங்கே?

கடைக்குப் போனால் எல்லோரும் 'எந்த கம் ஸ்ட்ராங்?' என்றுதான் கேட்கிறோம். இந்த வேலைக்கு அது இரண்டாம் கேள்வி. உடைப்பு நெருப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முதலாவது. செல்போன் டார்ச்சைக் கிண்ணத்துக்குள் அடித்துப் பாருங்கள்.

கிண்ணத்தின் உள்சுவரில் விரிசல் இருந்தால், எந்தப் பசையும் வேண்டாம். எரியும் புகையிலையின் சூடு பல நூறு டிகிரி செல்சியஸ். ஃபெவிக்விக் வகை சயனோஅக்ரிலேட் 80 டிகிரிவாக்கில் இளக ஆரம்பித்துவிடும். இரண்டு குழாய்களில் வரும், கலந்து பூசும் எபாக்ஸிப் பசைகளில் வீட்டில் புழங்கும் சாதாரண வகைகளும் பெரும்பாலும் 100 டிகிரியைத் தாங்குவதில்லை. அதற்கு மேல் சூடேறினால் பசை இளகுவதோடு நிற்காது. சிதைந்து, எரிச்சலூட்டும் நச்சுப் புகையாக மாறும். அந்தப் புகை நேராக உங்கள் வாய்க்கு வரும்.

'ஃபுட் கிரேட்' என்று போட்டிருக்கிறதே என்பார்கள். முழுதாகக் காய்ந்த பசை, குறிப்பிட்ட சூட்டுக்குள் உணவைத் தொடலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். எரித்து மூச்சில் இழுப்பதற்கு யாரும் சான்று தருவதில்லை. சென்னையில் வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைப் பக்கம் கேட்டால் சைலன்சருக்குப் பூசும் பேஸ்டை எடுத்துக் கொடுப்பார்கள். சூடு தாங்கும், உண்மைதான். ஆனால் இறுகினால் கல்லாகிவிடும், மரமோ சூட்டில் விரியும், சுருங்கும். கொஞ்ச நாளில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து புகையிலையோடு கலக்கும். எம்-சீலுக்கும் கிண்ணத்துக்குள் இடமில்லை.

விரிசல் மேலாக, சிலந்தி வலைபோல் மெல்லிசாக இருந்தால் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. சுருட்டுச் சாம்பலைச் சலித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, திருநீற்றைக் குழைப்பதுபோல் குழைத்து உள்ளே மெல்லப் பூசிக் காயவிடுவது. இது எதையும் ஒட்டாது. மரத்தை நெருப்பிலிருந்து கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். விரிசல் வெளிப்பக்கம் வரை வந்திருந்தால் அந்தச் சுங்கான் இனி காட்சிப் பொருள். காட்சிக்கு மட்டும் என்றால் எந்தப் பசையாலும் ஒட்டிக்கொள்ளுங்கள், ஆனால் யாரும் பற்றவைக்காதபடி உள்ளே ஒரு சீட்டுப் போட்டு வையுங்கள்.

(பசையின் நஞ்சுக்கு இவ்வளவு பயப்படுகிறவன் புகையிலையைப் பற்றி வாயே திறக்கவில்லையே என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. புகையிலைப் புகைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.)

படி 2: தண்டு உடைந்திருந்தால்

உடைப்பு கிண்ணத்திலிருந்து இரண்டு விரற்கடையாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதைவிடப் பக்கம் என்றால் கிண்ணம் உடைந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சரிப்படுவது, மெதுவாக இறுகும் இரு குழாய் எபாக்ஸி. ஆரல்டைட் என்று கேட்டாலே ஹார்டுவேர் கடையில் தருவார்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். ஈரத்தையும் சூட்டையும் அது குறைவாகத்தான் தாங்கும், தண்டுக்குள் இரண்டுமே உண்டு. ஃபெவிகால் ஈரத்தில் ஊறி இளகிவிடும். ஃபெவிக்விக் காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகுவது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சட்டென்று பிடித்து, பொருத்திச் சரிசெய்ய நேரமே தராது. அந்த வெள்ளைப் படலத்துக்கும் இதே புழுக்கம்தான் காரணம்.

படி 3: சுத்தம்

பழைய கறை இருந்தால் எபாக்ஸி பிடிக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் உடைந்த முகங்களையும் துளையையும் துடையுங்கள். சானிடைசர் கூடாது, அதில் கிளிசரின் இருக்கும். வாய்க்குழல் அக்ரிலிக் என்றால் அதில் ஆல்கஹால் படவே கூடாது, மயிரிழை விரிசல் விடும். எதுவென்று தெரியாவிட்டால் உரசிப் பாருங்கள், கந்தக வாடை வந்தால் அது அக்ரிலிக் அல்ல, எபோனைட் என்ற கெட்டி ரப்பர். துடைத்த மரத்தை ஃபேனடியில் இரண்டு நாள் காயவிடுங்கள். ஐப்பசி மழையில் என்றால் நாலு நாள்.

படி 4: ஒட்டுவது

அவசரப்பட்டு நான் கெடுத்த இடம் இதுதான். முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, எந்தச் சிம்பு எங்கே உட்காருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். புகை வழி பொதுவாக 3.5 முதல் 4 மி.மீ. அகலம். அதற்குள் தளர்வாக நுழையும் ஒரு டிரில் பிட்டின் மழமழப்பான பின்முனையை எடுத்து, மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்து, வழிக்குள் செருகுங்கள். பசை வழிந்தாலும் இனி அடைக்காது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எபாக்ஸி சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கொடுக்கும். அட்டையில் சொன்ன அளவில் இரண்டையும் பிதுக்கி, ஒரே நிறமாகும் வரை கலக்குங்கள். பட்டாணியளவு போதும். மே மாத வெயிலில் கலவை சீக்கிரம் கெட்டியாகிவிடும், மிச்சம் எல்லாம் குப்பைக்குத்தான். பல்குத்தும் குச்சியால் உடைந்த முகத்தின் வெளிவட்டத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். துளையைச் சுற்றி ஒரு மி.மீ. காலியாக விடுங்கள். சேர்த்து அழுத்தி, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டுங்கள். வெளியே பிதுங்கியதை உடனே துடைத்துவிடுங்கள். பசை ரப்பர் பதத்துக்கு வந்ததும் டிரில் பிட்டை மெல்லத் திருகி உருவிவிட வேண்டும். மறந்தால் அது அங்கேயே குடியிருக்கும்.

அட்டையில் 24 மணி நேரம் என்றிருந்தாலும் நான் ஒரு வாரம் விட்டேன். முகர்ந்தால் பசை வாடை அடிக்கும்வரை வாயருகே கொண்டுபோக வேண்டாம்.

கழுந்து முறிந்திருந்தால்

ஒட்டாதீர்கள். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் திருகல் விசை அங்கேதான் விழும். எந்தப் பசையும் நிற்காது. கிண்டியிலோ அம்பத்தூரிலோ சின்ன லேத் பட்டறை ஒன்றில் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் கம்பியைக் கடைந்து புதுக் கழுந்து வைத்துத் தரச் சொல்லுங்கள். வாய்க்குழலைத் தண்டோடு சேர்த்தே எடுத்துப் போங்கள். நான் வாய்க்குழலை மட்டும் எடுத்துப்போய், 'எந்த ஓட்டைக்குள்ள போகணும் சார், அதைக் கொண்டாங்க' என்று திருப்பி அனுப்பப்பட்டேன்.