எழுத்தாளர் கையெழுத்து: அசலா, போலியா? பலரும் செய்யும் தவறுகள்

பழைய புத்தகக் கடை ஒன்றில் நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' கிடைத்தது. முதல் பக்கத்தில் நீல மையில், கொஞ்சம் சாய்வாக, 'பார்த்தசாரதி' என்று கையெழுத்து. கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்கி, நாலு பேரிடம் காட்டிப் பெருமையடித்தும் ஆயிற்று. ஒரு வாரம் கழித்துத்தான் நடுப்பக்கம் ஒன்றின் ஓரத்தைப் பார்த்தேன். அதே மை, அதே சாய்வு: 'பார்த்தசாரதி, பி.காம். இரண்டாம் ஆண்டு'.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. யாரோ ஒரு மாணவர் தன் புத்தகத்தில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். போலியைத் தேடுகிற அவசரத்தில் நாம் முதலில் கோட்டை விடுவது இங்கேதான். பார்த்தசாரதி, ராமசாமி, ஜானகிராமன் எல்லாம் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் பெயர்கள். புத்தகம் வாங்கியதும் பெயர் எழுதுவது நம் பழக்கம். ஆகவே, அது எழுத்தாளர் கையெழுத்தா என்பதற்கு முன்னால் புத்தகச் சொந்தக்காரர் பெயரா என்று பாருங்கள்.

அடுத்த தவறு, புத்தகத்தைத் திறந்தவுடன் கையெழுத்தையே உற்றுப் பார்ப்பது. என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பதிப்பு விவரம் உள்ள பக்கம். பாரதிதாசன் கையெழுத்திட்ட பிரதி என்று ஒருவர் நீட்டுகிறார் என்று வையுங்கள். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று பாருங்கள். ஆண்டு இல்லையா, பதிப்பக முகவரியைப் பாருங்கள். 'சென்னை-17' என்று இருந்தால் மேலே போகலாம். 'சென்னை-600 017' என்று அச்சாகியிருந்தால் பேச்சே வேண்டாம். ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. பாரதிதாசன் மறைந்தது 1964-இல்.

எழுத்துருவும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'னை' போய் இன்றைய வடிவம் வந்தது 1978 அரசாணைக்குப் பிறகு. பெரியார் தன் பத்திரிகையில் 1935-இலேயே மாற்றிவிட்டார். அந்த வட்டத்து வெளியீடுகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், புது எழுத்தில் அச்சான நாவலில் 1974-இல் காலமான மு.வ. கையெழுத்துப் போட்டிருக்க வழியே இல்லை. சுஜாதா விஷயத்தில், புத்தகத்துக்குத் தரும் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். உதவும். 13 இலக்க எண் 2007 ஜனவரியில்தான் முறையாக நடைமுறைக்கு வந்தது. அந்த எண் மட்டும் உள்ள புத்தகத்தில் '2003' என்று தேதி போட்ட கையெழுத்து இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

ஆனால் ஊர்ப்பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். 'மெட்ராஸ்' 1996-இல்தானே 'சென்னை' ஆனது, அப்படியானால் 1960 புத்தகத்தில் 'சென்னை' எப்படி என்று ஒரு நண்பர் கேட்டார். மாறியது ஆங்கிலப் பெயர். தமிழ்ப் புத்தகங்களில் அதற்கு வெகுகாலம் முன்பே சென்னைதான்.

அப்புறம் பேனா. பால்பாயிண்ட் பேனா நியூயார்க் கடையில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். ஜெல் பேனா 1984-இல். 1921-இல் மறைந்த பாரதியார் பந்துமுனைப் பேனாவால் கையெழுத்திட்டிருக்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஊற்றுப் பேனா மை என்றால் ஒரு லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட காகிதத்தில் புது மை பட்டால் கோட்டின் இரு பக்கமும் ரோமம் ரோமமாகப் பரவும். காகிதம் புதிதாக இருந்தபோது எழுதியது பெரும்பாலும் இப்படிக் கசிந்திருக்காது. பூச்சி அரித்த ஓட்டை கையெழுத்தின் குறுக்கே போகிறதா? கோடு ஓட்டையின் விளிம்பில் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் எழுத்து முந்தியது, பூச்சி பிந்தியது. விளிம்பிலும் மை ஊறி இறங்கியிருந்தால் பூச்சிக்குப் பிறகு எழுதியிருக்கிறார்கள்.

மையும் காகிதமும் சரியாக இருந்தால் அசல் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. அவை போலியைத்தான் நிரூபிக்கும், அசலை நிரூபிக்காது. அமெரிக்காவில் மார்க் ஹாஃப்மன் என்ற மோசடிக்காரர் பழைய காகிதம் தேடிப் பிடித்து, பழைய முறையில் மை காய்ச்சிப் போலிகள் எழுதியவர். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதை என்று அவர் எழுதியது 1997-இல் ஏலத்துக்கு வந்தது. டிக்கின்சனின் சொந்த ஊரான ஆம்ஹெர்ஸ்ட் நூலகமே 21,000 டாலருக்கு அதை வாங்கியது. ஹாஃப்மன் அப்போது சிறையில் இருந்தார்!

ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரே படத்தை வைத்து 'அப்படியே இருக்கிறது' என்று மகிழ்ந்துவிடுகிறோம். அந்தப் படம் அசல் என்று யார் சொன்னது? 1983-இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று ஜெர்மனியில் அமர்க்களப்பட்டபோது கையெழுத்து நிபுணர்கள் அசல் என்றே சொன்னார்கள். அவர்களிடம் ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே மோசடிக்காரர் கோன்ராட் குயாவ் எழுதியவை கலந்திருந்தன. போருக்குப் பிந்திய வெளுப்பு ரசாயனம் காகிதத்தில் இருப்பது சோதனையில் தெரிந்த பிறகே குட்டு உடைந்தது.

அதோடு, 'அப்படியே இருப்பது' நல்ல சேதியும் அல்ல. காலையில் போட்ட கையெழுத்தும் மாலையில் போட்டதும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. மயிரிழை பிசகாமல் பொருந்தினால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் படியெடுத்திருக்கிறார்கள், அல்லது இயந்திரம் போட்டிருக்கிறது. நோபல் பெற்ற பாடகர் பாப் டிலனின் புத்தகம் 2022-இல் 'கையால் கையெழுத்திட்ட' 900 பிரதிகளாக, ஒன்று 599 டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் படங்களை அருகருகே வைத்தபோது கையெழுத்துகள் அச்சு அசலாகப் பொருந்தின. எல்லாம் கையெழுத்துப் போடும் இயந்திரமான ஆட்டோபென் வேலை. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலன் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பிரதிகளோடு பதிப்பகத் தலைவரின் உறுதிக் கடிதமும் வந்திருந்தது. சான்றிதழைக் கண்டு மயங்குகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கோடு நடுங்கினால் போலி என்பதும் அவசர முடிவுதான். வயதானவர் கை நடுங்கினாலும் எழுத்தின் ஓட்டம் தடைபடாது. பார்த்து வரைகிறவர் வளைவுகளில் தயங்கி நிற்பார். நின்ற இடத்தில் மை குட்டையாகத் தேங்கியிருக்கும்.

வெறும் கையெழுத்தைவிட 'அன்பர் இன்னாருக்கு' என்று நாலு வரி எழுதிய பிரதியையே நான் நம்புவேன். ஊரும் தேதியும் இருந்தால் இன்னும் நல்லது, போலி செய்கிறவருக்கு நாலு வரியும் வேலைதான். பெயர் எழுதியிருப்பதால் மதிப்புக் குறைவு என்று சிலர் ஒதுக்குவது எனக்குப் புரிவதில்லை. புத்தகம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எடைக்கு வந்த கட்டு இன்னும் பிரிக்காமல் கிடந்தால் மற்ற புத்தகங்களின் முதல் பக்கங்களையும் புரட்டுங்கள். அவற்றில் சொந்தக்காரர் எழுதிய பெயரும், எழுத்தாளர் 'அன்பர்' என்று விளித்த பெயரும் ஒன்றாக இருந்தால் விலை பேசலாம்.