விசாரணைக்கு சம்மன் வந்தால்: சாட்சிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒருவருக்கு விசாரணை சம்மன் வந்தால், எந்தத் தேதியில் போக வேண்டும் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அனுப்பியது யார், எந்தச் சட்டத்தின் கீழ் என்று பார்க்காமல் விடுவதே முதல் தவறு. சாட்சிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

இந்தப் பக்கம் பல வகை விசாரணை நடந்திருக்கிறது. 2011 பரமக்குடி துப்பாக்கிச் சூட்டுக்காக மாநில அரசு அமைத்த நீதிபதி சம்பத் ஆணையம், 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி வந்தது. 2014இல் மதுரை கிரானைட் குவாரிகளை விசாரிக்க ஐஏஎஸ் அதிகாரி சகாயத்தை நியமித்தது உயர் நீதிமன்றம். கலெக்டர் ஆபீசுக்கு வந்து ஆய்வு நடத்தும் சட்டமன்றக் குழுக்களுக்கோ அதிகாரம் அரசியலமைப்பின் 194ஆவது பிரிவிலிருந்து வருகிறது.

ஆணையத்தில் சாட்சி சொல்பவருக்கு 1952 சட்டத்தின் 6ஆவது பிரிவு பெரிய கவசம். அங்கே சொன்னதை வைத்து அவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ நடத்த முடியாது. பொய் சாட்சி சொன்னதற்கான வழக்குக்கு மட்டும் இந்தக் கவசம் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சு ஆணையம் பதில் கேட்ட கேள்விக்கானதாகவோ, விசாரணைப் பொருளுக்குத் தொடர்புள்ளதாகவோ இருக்க வேண்டும். சந்தர்ப்பம் கிடைத்ததென்று பங்காளியின் வரப்புத் தகராறையும் சேர்த்துச் சொன்னால் அதற்குக் கவசம் இல்லை. வெளியே வந்து டிவி மைக்கில் பேசியதற்கும், போலீஸிடம் தனியாகக் கொடுத்த வாக்குமூலத்துக்கும் இல்லை.

தன்னையே மாட்டிவிடும் கேள்வி வந்தால் வாயடைத்து நிற்காதீர்கள். “இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆணையம் சொல்கிறதா? அப்படியானால் அதைப் பதிவு செய்யுங்கள்” என்று கேளுங்கள். பதிவான பிறகு பதில் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பின்னால் 6ஆவது பிரிவைக் கோர நல்ல ஆதாரம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிற அரசியலமைப்பின் 20(3) எல்லோருக்கும் உண்டென்று நம்புவதும் தவறு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் அது பொருந்தும்.

கடிதத்தில் 1952 சட்டத்தின் 8பி பிரிவு என்று இருந்தால் அது சாதாரண சாட்சி சம்மன் இல்லை. உங்கள் நடத்தையை விசாரிக்க வேண்டும் என்றோ, விசாரணையால் உங்கள் பெயர் கெடக்கூடும் என்றோ ஆணையம் கருதுகிறது என்று பொருள். அன்றே வக்கீலைப் பாருங்கள். குறுக்கு விசாரணை செய்யவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் 8சி உரிமை தருகிறது. மற்ற சாட்சிகள் அதற்கு ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.

சட்டமன்றக் குழு கூப்பிட்டால் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. ‘நான் எம்எல்ஏ இல்லையே, என்னை எப்படிக் கூப்பிடலாம்’ என்று போகாமல் இருப்பது ஒன்று. உறுப்பினர் அல்லாதவரையும் அழைக்கலாம் என்று, டெல்லி சட்டமன்றக் குழு ஃபேஸ்புக் அதிகாரியை அழைத்தது பற்றிய அஜித் மோகன் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போகாமலிருந்தால் சட்டமன்ற உரிமை மீறல் என்று ஆகலாம். எதைக் கேட்டாலும் சொல்லியாக வேண்டும் என்று நினைப்பது மற்றொன்று. குழு வழக்குத் தொடரும் அமைப்பாக மாறக்கூடாது, அதிகார எல்லை தாண்டிய கேள்விக்குப் பதில் மறுக்கலாம் என்பதும் அதே தீர்ப்பு. ஆனால் அதை அப்படியே இங்கே தூக்கி வைக்காதீர்கள். டெல்லியில் காவல் துறை மத்திய அரசிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மாநிலப் பொருள். ‘போலீஸ் விஷயம் கேட்கக்கூடாது’ என்ற வாதம் இங்கே எடுபடாது.

6ஆவது பிரிவின் கவசம் சட்டமன்றக் குழுவுக்கு வராது. அங்கே கைகொடுப்பது அரசியலமைப்பின் 20, 21 பிரிவுகளும், உயர் நீதிமன்றத்துக்குப் போக வழி தரும் 226ஆவது பிரிவும். சட்டமன்ற உரிமை நீதிமன்றப் பரிசீலனைக்கு அப்பாற்பட்டதில்லை என்பதை 2007 ராஜாராம் பால் தீர்ப்பு தெளிவாக்கியது. 2003இல் தமிழகச் சட்டமன்றம் ‘தி இந்து’ பத்திரிகையாளர்களுக்குப் போட்ட 15 நாள் சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

ஆவணம் கேட்டால் பக்க எண் போட்டு, பட்டியலோடு கொடுத்து, தேதி முத்திரையுடன் ரசீது வாங்குங்கள். உடம்பு முடியாவிட்டால் சும்மா இருந்துவிடாமல், மருத்துவச் சான்றுடன் செயலாளருக்கு முன்கூட்டியே எழுதி வேறு தேதி கேளுங்கள். வாக்குமூலம் இங்கிலீஷில் தட்டச்சானால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.