ஆட்டோமேஷன்: சொல்லைக் கையாள்வதில் சில தவறுகள்

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது மோட்டார். கிணற்றில் வாளி போட்டு இறைத்த காலம் மலையேறிவிட்டது. ஆனாலும் தொட்டி நிரம்பி வழிந்து, தெருவில் போகிறவர் "தண்ணி போகுதுங்க" என்று குரல் கொடுத்த பிறகுதான் ஓடிப்போய் அணைப்போம். இது ஆட்டோமேஷன் இல்லை, இயந்திரமயமாக்கல். போன வருஷம் மிதவை சுவிட்ச் ஒன்று மாட்டினோம். தண்ணீரோடு மிதவையும் ஏறும், ஒரு மட்டத்தில் மோட்டாரை நிறுத்தும். தண்ணீர் இறங்கினால் மறுபடி ஓட்டும். இதுதான் ஆட்டோமேஷன். கை செய்த வேலை மெஷினுக்குப் போனால் முன்னது. எப்போது போட, எப்போது நிறுத்த என்று கவனிக்கும் வேலையும் சேர்ந்து போனால் பின்னது. இந்த இரண்டையும் குழப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நெல் அறுவடை மெஷின் வந்ததைக்கூட ஆட்டோமேஷன் என்று எழுதுகிறார்கள். மேலே ஒருவர் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறாரே!

அப்புறம், 'ஆட்டோ'வும் 'மோஷ'னும் சேர்ந்தது என்று பிரித்துவிடுவார்கள். அதுவும் சரியில்லை. மூலம் கிரேக்கத்தின் 'ஆட்டோமட்டோஸ்'. முன்பாதிக்குத் 'தான்' என்று பொருள். பின்பாதி நினைப்பைக் குறிக்கும் வேரில் பிறந்தது. வடமொழி 'மனஸ்' அதற்கு உறவுக்காரச் சொல். ஆக, தன் மனம்போல நடப்பது. கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தில் கொல்லன் தெய்வம் ஹெஃபைஸ்டஸ் முக்காலிகளுக்குத் தங்கச் சக்கரம் பூட்டுவான். அவை தேவர் சபைக்குத் தாமே உருண்டு போய்த் தாமே வீடு திரும்பும். அங்கே வருவது இந்தச் சொல்தான். (நம்மூர் ஆட்டோவுக்கும் மூன்று சக்கரம்தான், திரும்பி வர மட்டும் தனிக் காசு.)

அதற்காக 'ஆட்டோமேஷன்' மூவாயிரம் வருஷப் பழசு என்று எழுதிவிட வேண்டாம். இந்த வடிவம் 1940களில் அமெரிக்கக் கார்த் தொழிலில் புழக்கத்துக்கு வந்தது. உருவாக்கியவர் ஃபோர்டு நிறுவனத்தின் டெல்மர் ஹார்டர் என்பார்கள். 1947இல் அங்கே ஆட்டோமேஷனுக்கென்றே ஒரு துறை தொடங்கினார்கள். அன்று பொருள் குறுகலானது. ஒரு மெஷினில் துளை போட்ட இன்ஜின் பிளாக்கைத் தூக்கி, புரட்டி, அடுத்த மெஷினில் சரியாக உட்காரவைக்க வேண்டும். ஆள் தொடாமல் அது நடப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். தன்னைத்தானே கவனித்துத் திருத்திக்கொள்ளும் அமைப்பு என்ற மிதவை சுவிட்ச் பொருள் பரவியதில், 1952இல் ஜான் டைபோல்ட் எழுதிய நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

ரோபோ வேறு. கை, கால் எதுவும் இல்லாத மிதவையை யாரும் ரோபோ என்பதில்லை. அந்தச் சொல் செக் மொழியின் 'ரோபோட்டா'விலிருந்து வந்தது. பண்ணையாருக்குக் குடியானவர் கூலியில்லாமல் செய்த கட்டாய உழைப்பு அது. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, அது மாதிரி. அண்ணன் யோசெஃப் எடுத்துக்கொடுக்க, செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் ரோபோ என்ற சொல்லை 1920இல் தன் நாடகத்தில் வைத்தார்.

தமிழில் எழுதும்போது ஒன்று: தானியங்கி என்பது தானே இயங்கும் கருவி, தானியக்கம் என்பது ஆட்டோமேஷன் என்ற செயல்முறை. பக்கம் கட்டுகிறவர்கள் வரிக்கடைசியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'தானிய' மேலேயும் 'ங்கி' கீழேயும் போனால், படிக்கிறவர் நெல்மூட்டையைத் தேடுவார்.