பானட்டுக்குள் சுத்தம்: ஹோஸ் வேண்டாம், அரை வாளி தண்ணீர் போதும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை. எங்கள் ஃபிளாட்டின் கீழே ஆளாளுக்கு வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். நானும் ஹோஸைப் பிடித்து வெளிப்புறத்தைக் கழுவி முடித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளேயும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று பானட்டைத் திறந்து இன்ஜின் மேலேயும் தண்ணீரைப் பீய்ச்சினேன். மறுநாள் காலை சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருகினால் வண்டி குளிர்ஜுரம் வந்தது போல உதறுகிறது. மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. எலுமிச்சம்பழம் நசுங்காமலே கிடந்தது.

தெருமுனை மெக்கானிக் அண்ணா பூஜையைப் பாதியில் விட்டு வந்தார்.

"தண்ணி எங்க சார் அடிச்சீங்க?"

"மேலதாண்ணா, லேசா."

"லேசா அடிச்சதுக்கே பிளக்கு குளத்துல நிக்குது சார்."

ஸ்பார்க் பிளக் உட்காரும் குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் காற்றடித்து எடுத்துக் காயவைத்த பிறகுதான் வண்டி ஒழுங்காக ஓடியது.

அன்றிலிருந்து இந்த வேலையை வேறு மாதிரி செய்கிறேன். ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். சென்னை வண்டியின் பானட்டுக்குள் இருப்பதில் பெரும்பகுதி எண்ணெய்ப் பிசுக்கே இல்லை, காய்ந்த தூசி. மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய மண், கட்டட வேலை சிமென்ட், அப்புறம் மரத்துச் சருகு. காய்ந்த தூசியில் தண்ணீரை ஊற்றினால் சேறாகி, இடுக்கு இடுக்காக ஓடி ஒளிந்துகொள்ளும். பிரஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது.

கீழே சொல்வதெல்லாம் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு. உங்களுடையது ஹைபிரிட் அல்லது மின்சாரக் கார் என்றால், உள்ளே தெரியும் தடித்த ஆரஞ்சு நிற கேபிள்கள் உயர் மின்னழுத்தம் உள்ளவை. மேல் மூடிகளைக் காய்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிஎன்ஜி வண்டியில் எரிவாயுக் குழாய், இணைப்பு எதையும் அசைக்க வேண்டாம்.

எப்போது செய்வது

வருடத்துக்கு 2 தடவை போதும். வடகிழக்குப் பருவமழை அடங்கிய பிறகு, ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் ஒன்று. ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் ஒன்று. முந்தின நாள் வேண்டவே வேண்டாம், ஏனென்று மேலே பார்த்தீர்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரைக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறது என்றால் உப்புக் காற்றில் போல்ட்டும் பேட்டரி முனையும் சீக்கிரம் பூக்கும். அவர்கள் இன்னொரு தடவை செய்யலாம். நேரம், காலை 6 மணிக்கு மேல், வெயில் ஏறுவதற்குள். இரவெல்லாம் நின்ற வண்டி என்பதால் இன்ஜினும் ஆறியிருக்கும்.

என்னென்ன வேண்டும்

1 அங்குலம், 2 அங்குலம் பெயின்ட் பிரஷ் ஒவ்வொன்று, பழைய டூத் பிரஷ், ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, 10 நம்பர் ஸ்பேனர், நாலைந்து பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட். துடைக்க, ஒர்க்‌ஷாப்பில் பயன்படுத்தும் பனியன் வேஸ்ட் அருமையாக இருக்கும். பழைய பருத்தி பனியனும் சரிதான். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீஸர், தண்ணீரில் கரையும் வகை, ஒரு பாட்டில் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். தூசி ஊத சைக்கிள் பம்ப் இருந்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சின்னப் பிடிவாதம் எனக்கு உண்டு. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. துடைத்த இடம் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். மெட்ரோ வாட்டர், இல்லையென்றால் கேன் தண்ணீர். செலவாகப் போவது அரை வாளிதானே.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் மூன்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள். பெட்ரோல் எந்த வெயிலிலும் தீப்பிடிக்கும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெய்க்கு 40 டிகிரி அளவு சூடு போதும், நம் ஊர் மே மாதத்துக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

1. ஆறட்டும், முதலில் பாருங்கள்

ஓடி வந்த வண்டி என்றால் குறைந்தது 2 மணி நேரம். சூடான எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) உலோகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும்; கை சுடுவது தனி. ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

துணியைத் தொடுவதற்கு முன் போனை எடுத்து நாலு பக்கமும் போட்டோ பிடியுங்கள். எண்ணெய் கசிந்த ஈரம், கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விக்கும் திரவம்) காய்ந்து படிந்த பச்சை அல்லது ரோஸ் நிறப் பொருக்கு, இவையெல்லாம் வண்டி உங்களுக்கு எழுதி வைத்த புகார் மனு. துடைத்துவிட்டால் மனு காணாமல் போய்விடும்.

2. சருகு, அணில், எலி

வைப்பர் அடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதே, அதன் ஓரங்களில்தான் புங்கம்பூவும் வேப்பஞ்சருகும் தூங்குமூஞ்சி இலையும் வந்து அடைகின்றன. அதற்கடியில் மழைநீர் இறங்க ஓட்டை உண்டு. அது அடைத்தால் நவம்பர் மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் காருக்குள் இறங்கி, முன்சீட்டு மேட் நனைந்து நாறும். கையால் அள்ளுங்கள், தண்ணீரால் தள்ளாதீர்கள்.

போன பிப்ரவரியில் பேட்டரிக்கும் ஃபியூஸ் பாக்ஸுக்கும் நடுவே ஒரு அணில் கூடு பார்த்தேன். தேங்காய் நார், எங்கள் வீட்டுத் தலையணைப் பஞ்சு, பானட்டின் உள்புறத் தடுப்பிலிருந்து பிய்த்த கறுப்புத் துணுக்கு, மேல்மாடிக் கொடியிலிருந்து காணாமல் போன நீல நைலான் நூல். எல்லாவற்றையும் கிண்ணம் மாதிரி சுற்றி வைத்திருந்தது. குஞ்சு இல்லை, அதனால் எடுத்துவிட்டேன். அழகுதான், ஆனால் இந்த நார் எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் தீ பற்றும்.

எலிப் புழுக்கை இருந்தால் அவசரப்பட்டுப் பெருக்காதீர்கள். எலிக் காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவுவது. கையுறை, முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஒயரில் கடித்த தடம் இருந்து செம்புக் கம்பி தெரிந்தால் இன்றைய வேலை அத்தோடு சரி. எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

3. பேட்டரி

சாவியை எடுத்துவிட்டு, மோதிரம், வளையல், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். அடுத்து மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். வரிசை முக்கியம். மைனஸ் வண்டியின் பாடியோடு இணைந்திருக்கிறது. அது இணைப்பில் இருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றப் போய், ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டால் பளீரென்று தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி.

மைனஸைக் கழற்றுவதில் இன்னொரு நன்மை உண்டு. சில கார்களில் சாவி இல்லாமலே ரேடியேட்டர் விசிறி திடீரென்று சுற்றும். இப்போது சுற்றாது. கடிகாரம், ரேடியோ நிலையங்கள் அழிந்துபோகலாம். பவர் விண்டோவின் தானியங்கி வசதியை மறுபடி செட் செய்ய வேண்டி வரலாம். ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும் வண்டி என்றால் எண்ணை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு பூத்திருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைக் கலந்து டூத் பிரஷால் தடவுங்கள். நுரைத்துப் பொங்கும், அமிலம் முறிகிறது என்று அர்த்தம். நுரை அடங்கியதும் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. பெயின்ட்டில் வழிய விடாதீர்கள். வேலையெல்லாம் முடிந்து, கடைசியில் ஒயர் கிளாம்பை மாட்டி முறுக்கிய பிறகு, மேலே லேசாக வாசலின் பூசினால் உப்புக் காற்று அண்டாது.

4. மூட வேண்டியவை

ஈரத்துணி வேலைதான் என்றாலும் கை தவறும். ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான இசியூ, இந்த நாலுக்கும் பை மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். எது எங்கே என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும். எத்தனை பை மாட்டினீர்கள் என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், காற்று வாயில் பையை மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தவர்களைக் கேளுங்கள். எண்ணெய் மூடி, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி, பிரேக் ஆயில் மூடி எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

5. தூசி தட்டுதல்

வேலையில் பாதிக்கு மேல் இதுதான். மேலிருந்து கீழே வாருங்கள். பானட்டின் உள்புறம், பிளாஸ்டிக் மூடி, குழாய்கள், கடைசியில் கீழ் இடுக்குகள். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் சைக்கிள் பம்ப். தட்டும் தூசியை ஊதி வெளியே அனுப்பினால் மறுபடி படியாது. ஒயர் கனெக்டர்களை இழுக்காமல் மேலோட்டமாக வருடுங்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் விரல் பட்டாலே மடங்கும். தகடு போகும் திசையிலேயே பிரஷை இழுங்கள், குறுக்கே தேய்த்தால் வளைந்து காற்று போகும் வழி அடைபடும்.

6. ஈரத்துணி, பிசுக்கு

துணியை நனைத்து நன்றாகப் பிழியுங்கள். சொட்டுகிறது என்றால் இன்னும் பிழியவில்லை. பிளாஸ்டிக் பகுதிகள் ஒரே துடைப்பில் கறுத்து வெளிவரும். துணியை அடிக்கடி அலசுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டிகிரீஸரைத் துணியில் தெளித்துத் தடவுங்கள், பாகத்தின் மேல் நேரே அடிக்காதீர்கள். 2 நிமிடம் ஊறட்டும், காய விடாமல் டூத் பிரஷால் தேய்த்து, தண்ணீர்த் துணியால் இரண்டு தடவை துடையுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் வகைகள் அலுமினியத்தை அரிக்கும். பெல்ட்டில் டிகிரீஸரோ பாலிஷோ பட வேண்டாம், வழுக்கிக்கொண்டு கீச்சிடும்.

பிரஷர் வாஷர் வாங்கி வைத்திருப்பவர்களுக்குக் கை அரிக்கும், தெரியும். வீட்டு வாஷரே 100 பார் அழுத்தத்தைத் தாண்டும். மழைக்கும் தெறிக்கும் தண்ணீருக்கும் போட்ட ரப்பர் சீல் அதைத் தாங்காது. அதை டயருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? கார் நிற்கும் இடத்தில் கம்பி வலை போட்ட வாய்க்கால் இருக்கும், கை தானாக அங்கே போகும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல ஃபிளாட்டுகளில் அந்த வாய்க்கால் போய்ச் சேருவது சேகரிப்புக் குழியில், அங்கிருந்து நிலத்தடிக்கு. எண்ணெயை ஊற்றினால் நம் போர் தண்ணீரிலேயே நாம் ஊற்றிக்கொள்கிறோம். கீழே பழைய செய்தித்தாள் விரித்து, பிசுக்கை அதிலேயே ஒற்றிக் கட்டிப் போடுங்கள்.

7. காயவைத்து, ஸ்டார்ட்

பைகளை எண்ணி எடுங்கள். உள்ளங்கையைப் பாருங்கள். காய்ந்த துணியால் ஒரு சுற்று, இடுக்குகளில் பம்ப் காற்று. பானட்டைத் திறந்தபடியே ஒரு மணி நேரம் விடுங்கள், அதற்குள் இட்லி சாப்பிட்டு வரலாம். பிறகு பேட்டரியை மாட்டி, திறந்தவெளியில் வண்டியை வைத்து ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் ஐடிலில் ஓடட்டும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வேண்டாம், புகை அடைத்துக்கொள்ளும். துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் பக்கத்தில் போகக் கூடாது.

லேசாக ஆவி வந்தால் பயமில்லை. இன்ஜின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் உடனே நிறுத்துங்கள். பிளக் சரியாகப் பொறி விடவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், அது விலை உயர்ந்த பொருள்.

பளபளப்புக்கு நான் எதுவும் அடிப்பதில்லை. வாட்டர் வாஷ் கடைகளில் சிலர் டீசல் அடித்துவிடுவார்கள், அன்றைக்குப் புது வண்டி மாதிரி மின்னும். 2 நாளில் ஊர்த் தூசியெல்லாம் அதில் ஒட்டும், ரப்பரும் ஊறிப் பாழாகும். ஆசைப்பட்டால் தண்ணீர் அடிப்படையிலான டிரஸ்ஸிங்கைத் துணியில் தொட்டு, பிளாஸ்டிக்கில் மட்டும் தடவுங்கள்.

8. மூன்று நாள் கழித்து

மறுபடி பானட்டைத் திறந்து, பழைய போட்டோவோடு ஒப்பிடுங்கள். சுத்தமான இடத்தில் புதிதாக ஈரம் தெரிந்தால் அதுதான் கசிவு. எனக்குப் போன தடவை ரேடியேட்டரின் மேல் குழாய் கிளாம்பில் ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு நின்றது. மெக்கானிக் அண்ணாவுக்குப் போட்டோ அனுப்பினேன். சாயங்காலம் வந்து கிளாம்பை அரைச் சுற்று முறுக்கினார், காசு வாங்கவில்லை. பானட்டை மூடும் முன் டார்ச் அடித்து எல்லா இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணி அடிக்கல இல்ல சார்?"