மாடிப்படி விளக்கு யாருடையது? பிள்ளைகளுக்கான திட்டத்தை மாநகர் மன்றத்தின் திட்டத்தோடு சேர்ப்பது எப்படி

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பிபிஆர் அடுக்குமாடியில், அதாவது அரசாங்கத்தின் மலிவு விலைக் குடியிருப்பில், பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் குழுவில் நான் இருக்கிறேன். அதற்கு முன் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். வகுப்பு ஆரம்பித்த முதல் சில ஆண்டுகளில் மேல் மாடிப் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். பாடம் கடினமாக இருக்கிறது என்று நினைத்து இன்னோர் ஆசிரியை வைத்தோம், பயிற்சிப் புத்தகம் வாங்கினோம். கடைசியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை சொன்னாள்: "ஆன்ட்டி, ஏழாவது மாடிப் படியில லைட் இல்ல. லிஃப்ட்டும் ஓடல. அம்மா விட மாட்டாங்க."

எங்கள் அறிக்கையில் அதுவரை 'வருகை குறைவு' என்று மட்டும்தான் எழுதியிருந்தோம். விளக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. உடனே நான் ஒரு கடிதம் எழுதினேன், ஆனால் தவறான அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று மாதம் வீணானது. அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு முழுத் தவணை. உங்கள் பகுதியில் அப்படி ஆகக்கூடாது என்றுதான் நாங்கள் கற்றுக்கொண்ட முறையை எழுதுகிறேன்.

முதலில், எது யார் பொறுப்பு என்று பிரியுங்கள்

ஒரு பெரிய மணிலா தாளை எடுத்து, பிள்ளைகளின் தேவைகளை ஒரு பக்கமும் அதற்குப் பொறுப்பான அலுவலகத்தை மறுபக்கமும் எழுதுங்கள். நம் மலேசியாவில் இந்தப் பிரிவு கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையிலேயே இருக்கிறது. கல்வியும் சுகாதாரமும் மத்திய அரசின் பட்டியலில் உள்ளன. ஊராட்சி மாநிலப் பட்டியலில் உள்ளது. சமூக நலனும் பிள்ளைகளின் பாதுகாப்பும் இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் வருகின்றன.

இதை நம் வாசலுக்குக் கொண்டு வந்தால் இப்படி இருக்கும். பள்ளியில் கொடுக்கும் ஆர்எம்டி என்ற கூடுதல் உணவுத் திட்டம் என்றால் தலைமையாசிரியர், அவருக்கு மேல் மாவட்டக் கல்வி இலாகா. எடை குறைந்த குழந்தை என்றால் அரசாங்கக் கிளினிக்கின் தாய் சேய் பிரிவு. உதவித்தொகை என்றால் மாவட்டச் சமூக நல இலாகா. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை என்றால் தேசியப் பதிவு இலாகா. இதைத் தள்ளிப் போடாதீர்கள், பத்திரம் இல்லாத பிள்ளைக்கு மற்ற எல்லா வாசலும் பாதி மூடியே இருக்கும். பொது விளையாட்டுத் திடல், சாலை விளக்கு, சாக்கடை, குப்பை எல்லாம் பினாங்கு மாநகர் மன்றம். கட்டடத்துக்குள் இருக்கும் படி, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி ஆகியவை கட்டடத்தைப் பராமரிப்பவர் கையில்.

என் கடிதம் தவறியது இந்த இடத்தில்தான். 'விளக்கு' என்றதும் மாநகர் மன்றம் என்று நினைத்தேன். சாலையில் எரிவது ஒருவருடையது, படியில் எரிவது இன்னொருவருடையது. ஒவ்வொரு அடுக்குமாடியிலும் இந்தக் கோடு வேறு இடத்தில் விழலாம். ஆகவே நிர்வாக அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு நடுவில் மாநில அரசு இல்லை. டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்றம், கூட்டரசுப் பிரதேச நிர்வாகத்தின் கீழ் வருகிறது, நகரத் திட்டமிடலுக்கும் 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. தாளில் எழுதும் முறை ஒன்றுதான், பெயர்கள் மாறும்.

பிறகு, அவர்களுடைய நாட்காட்டிக்கு மாறுங்கள்

பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுவது இங்கேதான். நாங்களும் விட்டோம். நமக்கு நன்கொடை வரும் மாதத்தில் நாம் கணக்கெடுக்கிறோம், ஆண்டுக் கடைசியில் அறிக்கை எழுதுகிறோம். மன்றத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுச் செலவு மதிப்பீட்டை இந்த ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றியாக வேண்டும். அதற்கான பேச்சு இலாகாக்களுக்குள் ஆண்டின் நடுவிலேயே ஆரம்பித்துவிடுகிறது. நவம்பரில் நீங்கள் கொண்டுபோகும் அருமையான மனு, பூட்டிய பெட்டிக்கு வெளியே நிற்கும்.

இப்போது எங்கள் குழு பிப்ரவரி, மார்ச்சில் வீடு வீடாகக் கேட்கிறது. ஏப்ரலில் பிள்ளைகளோடு பேச்சு. மே மாதத்தில் எம்பிகேகே, அதாவது கிராம சமூக மேலாண்மைக் கழகக் கூட்டம். ஜூன் முடிவதற்குள் தாள் மன்ற உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். தீபாவளி, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் பார்த்துத்தான் இதை அமைத்தோம்.

ஆண்டுக் கணக்குக்கு மேலே நீண்ட காலத் திட்டங்களும் உள்ளன. 13-வது மலேசியத் திட்டம் 2026 முதல் 2030 வரை ஓடுகிறது. பினாங்கு அரசு 2018-இல் அறிவித்த பினாங்கு 2030 இலக்கு, குடும்பத்தை மையமாகக் கொண்ட பசுமையான, விவேகமான மாநிலம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. உங்கள் மனுவில் அந்த 'குடும்பம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிகாரி தன் மேலதிகாரியிடம் எடுத்துப் போகும்போது அவருக்கு அது கைப்பிடியாக இருக்கும். அப்புறம், 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். வரைவு வெளியானால் வரைபடத்தில் உங்கள் அடுக்குமாடியைத் தேடுங்கள். பக்கத்துக் காலி நிலம் என்ன நிறத்தில் இருக்கிறது, பிள்ளைகள் பந்து விளையாடும் அந்த மூலை திறந்தவெளியாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகளையே கேளுங்கள், தனித்தனியாகக் கேளுங்கள்

பினாங்குக்கு இதில் நல்ல முன்னுதாரணம் உண்டு. 2012-இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் இரண்டு நகராட்சி மன்றங்களும் சேர்ந்து, பாலினச் சமத்துவமும் மக்கள் பங்கேற்பும் கொண்ட வரவு செலவுத் திட்ட முறையைச் சோதித்துப் பார்த்தன. தீவில் ஜாலான் சுங்கை பிபிஆர், பெருநிலத்தில் அம்பாங்கான் பிபிஆர் இரண்டும் அதில் இருந்தன. முதலில் யார் வசிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பிறகு சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசி, எது முக்கியம் என்று குடியிருப்பாளர்களே வாக்களித்தார்கள். அந்த வரிசையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஆண்கள், பெண்கள், ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்தால் அண்ணன்மார் பேசுவதோடு கூட்டம் முடிந்துவிடும். தனித்தனியாகப் பிரியுங்கள். எங்கள் முறை எளிது: ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துப் புளியங்கொட்டை. நான்கு மைலோ டின்களில் நான்கு படங்களை ஒட்டி வைப்போம். பிடித்த டின்னில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். போடும்போது யாரும் பார்க்காதபடி ஒரு திரை கட்டுவோம். திரை இல்லாத முதல் முறை எல்லோரும் முன்னால் போனவனைப் பார்த்தே போட்டார்கள்.

ஒருமுறை பெரியவர்கள் பூப்பந்துத் திடல்தான் தேவை என்று உறுதியாக இருந்தார்கள். ஆண் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். பெண் பிள்ளைகளின் டின்களைக் கவிழ்த்தபோது மண்டபக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்ற படம் நிரம்பி வழிந்தது. அந்தக் கழிப்பறைக்குப் போகப் பயந்து, வகுப்பு முடியும்வரை தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்படிப் பேசும்போது ஒரு பிள்ளை அடி, தொல்லை, பட்டினி பற்றி ஏதாவது சொன்னால் அது மனுவுக்கான செய்தி அல்ல. கூட்டம் வரை காத்திருக்காதீர்கள். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழையுங்கள். 2001-ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டப்படி செயல்பட வேண்டிய பாதுகாவலர்கள் சமூக நல இலாகாவில் இருக்கிறார்கள். எந்தத் தாளிலும் பிள்ளையின் பெயரோ முகமோ வீட்டு எண்ணோ வரக்கூடாது. மாடி எண் போதும்.

அவர்கள் அளக்கும் அளவிலேயே அளங்கள்

2018-இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வு கோலாலம்பூர் வட்டாரத்தின் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களைப் பார்த்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள், 15 விழுக்காட்டினர் எடை குறைந்திருந்தார்கள். பளபளக்கும் நகரத்தின் நடுவில் இப்படி. மாவட்டச் சராசரியில் இந்தப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். ஆகவே கணக்கை உங்கள் கட்டடம், உங்கள் மாடி என்ற அளவுக்கு இறக்குவது நம் வேலை.

ஆனால் சொந்தத் தராசை வாங்கி எடை பார்க்காதீர்கள். நாங்கள் பார்த்த எடையைக் கிளினிக் ஏற்காது, ஏற்கவும் கூடாது. தாய்மார்களிடம் இருக்கும் குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் தாதியே எழுதிய எடை இருக்கிறது. கடைசியாக எப்போது கிளினிக்குக் கொண்டுபோனீர்கள் என்று மட்டும் கேளுங்கள். போகாதவர்களைக் கூட்டிப்போக ஆள் ஏற்பாடு செய்யுங்கள். வருமானமும் அப்படித்தான். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சராசரி வறுமைக் கோடு மாதம் 2,589 ரிங்கிட்டாக இருந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பம், ஏழைக் குடும்பங்களுக்கான அரசாங்கத்தின் இகாசே பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பிக்க உதவுங்கள். பல இலாகாக்கள் உதவி கொடுக்கும்போது பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

இப்படிக் கேட்டுப் போனதில் எங்கள் தவறும் ஒன்று தெரிந்தது. நாங்கள் காலையில் பசியாற கொடுத்துவந்த பிள்ளைகளில் பலர் பள்ளியில் ஆர்எம்டி உணவும் சாப்பிடுகிறார்கள். அதே பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையும் பள்ளி விடுமுறையிலும் எதுவும் இல்லை. பணத்தை அந்த நாட்களுக்கு மாற்றினோம். ஒரு காசு கூடுதல் நன்கொடை தேவைப்படவில்லை.

தாள் ஒரே பக்கம், மலாயில்

கூட்டம் தமிழில் நடக்கட்டும். தாள் மலாயில் போகட்டும். இடம், பிரச்சினை, எத்தனை பிள்ளைகளைப் பாதிக்கிறது, எந்த இலாகாவின் பொறுப்பு, என்ன கேட்கிறோம், தோராயச் செலவு, பிறகு யார் பராமரிப்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதினால் உங்கள் தாள் மற்றவற்றிலிருந்து தனியாகத் தெரியும். பராமரிக்க ஆள் இல்லாமல் துருப்பிடித்த ஊஞ்சல்களை அதிகாரிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

1965 முதல் நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் இல்லை. மன்ற உறுப்பினரை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆகவே உங்கள் பகுதிக்குப் பொறுப்பான உறுப்பினர் யார் என்று தேடிப் பிடித்து அறிமுகமாகுங்கள். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். எம்பிகேகே கூட்டத்தில் வாயால் சொன்னால் மட்டும் போதாது, கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள். குறிப்பில் இல்லாத விஷயம் பேசாத விஷயம்தான்.

கண்காணிப்புக்கு ஒரு நோட்டு

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, கடித எண், பேசிய அதிகாரியின் பதவி, சொன்ன வாக்கு, சொன்ன நாள். கணக்குப் பிரிவில் இருந்தவள் என்பதால் எனக்கு இது இயல்பாக வந்தது, யாருக்கும் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஒவ்வொரு மாடியாக ஏறுவோம். 'செய்தாயிற்று' என்பதோடு நிற்காமல், பிள்ளைகள் பயன்படுத்துகிறார்களா என்று பக்கத்தில் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். படிகளில் விளக்கு மாட்டிய ஆறாவது வாரம் ஐந்தாவது மாடியில் ஒன்று அணைந்தது. நிர்வாகத்தின் கணக்கில் அந்த வேலை முடிந்த வேலை. எங்கள் நோட்டில் முடியவில்லை. அன்றே நிர்வாகத்துக்குப் படம் எடுத்து அனுப்பினோம். மரியாதையாக, "புவான், தெரிமா காசே" என்று முந்தைய வேலைக்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பித்தோம். அந்த வாரமே மாற்றினார்கள்.

1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. வருடத்தில் ஒரு முறையாவது போய் உட்காருங்கள், முடிந்தால் பதின்ம வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிப்போங்கள். தங்கள் திடலைப் பற்றிய பேச்சு எந்த அறையில் நடக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும்.

நோட்டை ஒருவரே வைத்திருக்காதீர்கள். எங்களுடையதில் ஒரு பிரதி எம்பிகேகே செயலாளரிடம், இன்னொன்று ஏழாவது மாடியில் இருக்கும் ஓர் அம்மாவிடம் இருக்கிறது. அவருடைய மகள்தான் அன்று விளக்கைப் பற்றிச் சொன்னவள். இப்போது படிவம் ஐந்தில் படிக்கிறாள், அடுத்த பிப்ரவரிக் கணக்கெடுப்பில் இரண்டு மாடிகளை அவளே பார்த்துக்கொள்கிறாள்.