மொரிஸ் ரிஷாரின் ஆட்டக் கணக்கை வாசிக்கும் முறை

பழைய ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரின் ஆட்டக் கணக்கை முதன்முறையாகப் பார்ப்பவரின் கண், மொத்தம் எழுதியிருக்கும் கடைசி வரிக்குத்தான் முதலில் போகும். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்காக 1942 முதல் 1960 வரை வலது விங்கில் (வலப்புறத் தாக்குதல் வீரராக) ஆடிய மொரிஸ் ரிஷாருக்கு அந்த வரியில் 978 ஆட்டங்கள், 544 கோல்கள் என்றிருக்கும். எண்ணூறு கோல்களைத் தாண்டியவர்கள் வந்துவிட்ட பிறகு இந்த எண் யாரையும் மலைக்க வைக்காது. ஆகவே கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு பருவமாக, அதாவது ஒவ்வோர் ஆண்டின் போட்டித் தொடராக, இறங்கி வாருங்கள்.

முதல் வேலையாக, ஒவ்வொரு பருவத்துக்கும் எதிரே அந்த ஆண்டு ஓர் அணி மொத்தம் எத்தனை ஆட்டங்கள் ஆடியது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். ரிஷார் வந்தபோது 50 ஆட்டங்கள்தான். 1946–47 முதல் 60, 1949–50 முதல் 70. எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட இன்றைய பருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் எல்லாமே சிறியதாகத் தெரியும். கோல்களை ஆட்டங்களால் வகுத்துப் பார்த்தால் 1944–45இல் 50 ஆட்டங்களில் 50 கோல், அதாவது ஆட்டத்துக்கு ஒன்று; 1946–47இல் 60 ஆட்டங்களில் 45 கோல், அதாவது 0.75, 1950–51இல் 65 ஆட்டங்களில் 42 கோல், ஏறத்தாழ 0.65. முதல் பருவத்தில் வெறும் 16 ஆட்டங்கள் இருப்பதைக் கண்டு திறமைக் குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். கால் எலும்பு முறிந்து அவர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்து, அந்த 50 கோல்களைச் சந்தேகிக்கப் பழகுங்கள். அன்றே பலர் சந்தேகித்தார்கள், காரணமும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் பொருட்டு வீரர்கள் பலர் படைக்குப் போயிருந்தனர். 1943–44இல் களத்தின் நடுவே சிவப்புக் கோடு போடப்பட்டு, தம் பகுதியிலிருந்தே நீளமாகப் பாஸ் கொடுக்க வழி பிறந்ததால் கோல்களும் பெருகின. வீரர்கள் திரும்பி வந்த 1945–46இல் ரிஷாரின் கணக்கு 27ஆக இறங்கியதைப் பார்த்தால் சந்தேகம் சரிதானோ என்று தோன்றும். ஆனால் அதற்கு அடுத்த வரியில் 45 கோல்களும், லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையும் இருக்கின்றன. ஒரு வரியை வைத்து முடிவு கட்டாமல், முன்னும் பின்னும் உள்ள இரண்டு வரிகளையாவது சேர்த்து வாசிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பருவக் கணக்கில் தெரியாத ஒன்றையும் இங்கே பார்த்துவிடலாம். 1944 டிசம்பர் 28 அன்று பகலெல்லாம் வீடு மாற்றிச் சாமான் தூக்கிய களைப்போடு அரங்குக்கு வந்த ரிஷார், டெட்ராய்ட் அணிக்கு எதிராக 5 கோல் அடித்து, 3 கோலுக்கு அசிஸ்டும் (கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) செய்தார். இத்தகைய நாள்களைத் தேட, அந்தந்த ஆட்டத்தின் தனிக் குறிப்பைத்தான் திறக்க வேண்டும்.

புள்ளிகள் என்ற பத்தியை வாசிக்கும்போது, கோலும் அசிஸ்டும் சம மதிப்பில் கூட்டப்படுவதை மறவாதீர்கள். ஐந்து பருவங்களில் கோல் அடித்தவர்களில் முதலிடம் பிடித்த ரிஷார், புள்ளிகளில் ஒருமுறைகூட முதலிடம் பெறவில்லை. அவர் 50 கோல் அடித்த ஆண்டிலேயே, 54 அசிஸ்டுகளோடு அவரது அணித்தோழர் எல்மர் லாக் 80 புள்ளிகள் பெற்று, 73 புள்ளிகள் பெற்ற அவரை முந்தினார். ரிஷார் வலைக்கு முன்னால் வாழ்ந்தவர். புள்ளிக் கணக்கு அவருக்கு ஏற்ற அளவுகோல் அல்ல என்பது என் கருத்து.

1954–55ஆம் வரியில் 70க்குப் பதில் 67 என்றிருக்கும். பெரும்பாலானோர் கவனிக்காமல் கடக்கும் இந்த மூன்று ஆட்டக் குறைவில்தான் ஒரு நகரத்தின் கோபம் அடங்கியிருக்கிறது. மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த கைகலப்பில் ரிஷார் லைன்ஸ்மன் (கோட்டு நடுவர்) ஒருவரை அடித்தார். லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல், பருவத்தில் எஞ்சியிருந்த ஆட்டங்களுக்கும் பிளேஆஃப் (பருவத்துக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முழுமைக்கும் அவருக்குத் தடை விதித்தார். மார்ச் 17 அன்று கேம்பல் மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் வந்து அமர்ந்ததும் அவர்மீது பொருள்கள் வீசப்பட்டன, கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, ஆட்டம் டெட்ராய்ட்டுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது, தெருவில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. ரிஷார் 74 புள்ளிகளில் நின்றுவிட, அணித்தோழர் பெர்னி ஜெஃப்ரியன் 75 எடுத்து முதலிடம் பெற்றார். சொந்த ஊர் ரசிகர்களே ஜெஃப்ரியனைக் கேலிக்கூச்சலிட்டு அவமதித்தார்கள்.

பிளேஆஃப் கணக்கைத் தனியே வைத்து வாசியுங்கள். 133 ஆட்டங்களில் 82 கோல் என்பது ஆட்டத்துக்கு 0.62, வழக்கமான பருவங்களின் மொத்தச் சராசரியான 0.56ஐ விட அதிகம். ஆட்டம் இறுகும் இடத்தில் அவர் கை கூடுதலாக ஓடியது. 1957–58இல் குதிகால் தசைநார் காயமுற்று 28 ஆட்டங்களே ஆடியவர், அந்த ஆண்டின் பிளேஆஃபில் 10 ஆட்டங்களில் 11 கோல் அடித்தார். அப்போது அவருக்கு வயது 36.

பிளேஆஃப் பட்டியலின் கடைசி வரியான 1960இல் கோல் கட்டத்தில் 1 என்று மட்டும் இருக்கும். டொரன்டோவுக்கு எதிரான இறுதிச் சுற்றில் அடித்த அந்தக் கோலுக்குப் பிறகு, ரிஷார் வலைக்குள் கிடந்த பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) தாமே எடுத்து வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார்.