அடிக்கடி பஞ்சராகிறதா? புது டயர் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரே மாதத்தில் கார் டயரில் இரண்டு மூன்று தடவை காற்று இறங்கினால், "டயர் போயிடுச்சு, மாத்திடுங்க" என்ற பேச்சு உடனே வந்துவிடும். அவசரப்பட வேண்டாம். இறங்குவது ஒவ்வொரு தடவையும் ஒரே சக்கரமா, வேறு வேறு சக்கரமா? ஆணி ஏதாவது கிடைத்ததா, ஒன்றும் இல்லாமலே இறங்கியதா? தேதி, எந்தச் சக்கரம், எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைந்தது என்று மொபைலில் குறித்து வையுங்கள். நோய் எங்கே இருக்கிறது என்பது இந்தக் குறிப்பிலேயே பாதி தெரிந்துவிடும்.

வேறு வேறு சக்கரத்தில், ஒவ்வொரு தடவையும் ஆணியோ ஸ்க்ரூவோ ஏறியிருந்தால், காரணம் நீங்கள் போகும் வழி, இல்லையென்றால் தேய்ந்த டயர். சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் மாதவரம், போரூர், ஓஎம்ஆர் பக்கமெல்லாம் கட்டுக்கம்பித் துண்டும் ஸ்க்ரூவும் சாலையில் கிடக்கும். ஓடுகிற வண்டிகளும் மழைத் தண்ணீரும் அவற்றை ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். அதனால் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டுவதையும், தோண்டிய இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவதையும் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சர் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஈர ரப்பரில் கூர்முனை வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும், காய்ந்த ரப்பரில் அவ்வளவு சுலபமாக இறங்காது.

புது கார் டயரில் பட்டன் (சாலையில் படும் ரப்பர் மேடு) ஆழம் சுமார் 7, 8 மி.மீ. இருக்கும். அது 2 மி.மீ.க்கு வந்துவிட்டால், முன்பு ரப்பரிலேயே நின்றுபோன குட்டி ஸ்க்ரூகூட உள்ளே போய்க் காற்றை இறக்கிவிடும். அப்படிப்பட்ட டயருக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

ஒரே சக்கரத்தில் வாரத்துக்கு 4, 5 பிஎஸ்ஐ மெதுவாக இறங்குகிறது, ஆணியும் இல்லை என்றால் டயர்மேல் குற்றம் இல்லாமலே இருக்கலாம். ஒரு கப் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து, முதலில் வால்வு மூடியைக் கழற்றி அதன் வாயில் ஒரு சொட்டு விடுங்கள். குமிழ் ஊதிக்கொண்டே வந்தால் உள்ளே இருக்கும் பின் போய்விட்டது. அதை மாற்றுவது சில நிமிட வேலை. அடுத்து வால்வின் கழுத்தை விரலால் மெல்ல வளைத்துக்கொண்டே அடிப்பக்கம் தண்ணீரை விடுங்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் வால்வில் முடி மாதிரி வெடிப்பு இருக்கும், வளைக்கும்போது மட்டும் கசியும். நேராக நிற்கும்போது ஒன்றுமே தெரியாது, அதனால்தான் இது தப்பிவிடுகிறது. கடைசியாக ரிம்மும் டயரும் சேரும் விளிம்பைச் சுற்றிலும் ஊற்றுங்கள். பொடிப்பொடியாக நுரை வந்தால் ரிம் விளிம்பு அரித்திருக்கிறது, அல்லது பள்ளத்தில் விழுந்து நெளிந்திருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் போன்ற கடற்கரை ஓரத்தில் நிற்கும் கார்களில் உப்புக்காற்றால் இது சகஜம். டயரைக் கழற்றி விளிம்பைச் சுத்தமாகத் தேய்த்து, பீட் சீலர் (விளிம்புக் கசிவை அடைக்கும் பசை) தடவி மறுபடி மாட்டினால் போதும். அலாய் வீலாக இருந்தால் உள்பக்க விளிம்பில் கீறல் விட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது.

இனி பஞ்சர் ஒட்டும் விஷயம். வெளியிலிருந்து பிசின் தடவிய திரியைச் செருகுவது ஊர் போய்ச் சேர்வதற்கு நல்ல வழி. நிலைத்து நிற்க வேண்டுமானால் டயரைக் கழற்றி உள்பக்கமாகக் காளான் வடிவ பேட்ச் போட வேண்டும். ஓட்டையையும் அடைக்கும், டயரின் உள் அடுக்கையும் மூடும். ஓட்டை நடுப்பகுதியில், பட்டன் இருக்கும் இடத்தில், 6 மி.மீ.க்குள் இருந்தால் மட்டுமே ஒட்டலாம். தோள்பட்டையிலோ (பட்டன் முடிந்து பக்கம் திரும்பும் ஓரம்) பக்கச்சுவரிலோ என்றால் ஒட்டவே கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிவதால் எந்த ஒட்டும் நிற்காது.

கடையில் கண் முன்னால் நின்று பாருங்கள். தொட்டியிலோ சோப்புத் தண்ணீரிலோ குமிழ் வரும் ஒவ்வொரு ஓட்டையையும் முதலில் காட்டச் சொல்லி, சாக்பீஸால் குறித்த பிறகே கருவியை உள்ளே விடச் சொல்லுங்கள். ஒரு ஓட்டையோடு வந்த டயரில் நாலு ஓட்டை எண்ணப்படுவது இந்தக் குறியால் நிற்கும். "டியூப் போட்டுடலாம் சார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் உரசிச் சூடாகும், கிழிந்தால் காற்று ஒரே மூச்சில் வெளியேறும்.

காற்றே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டீர்களா? அந்த டயரைக் கழற்றி உள்ளே கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் கறுப்பாக ரப்பர் தூள் ஒட்டினால் பக்கச்சுவர் அரைபட்டுவிட்டது. வெளியே பளபளவென்று இருந்தாலும் அதைத் திரும்ப மாட்ட வேண்டாம்.

காற்று எவ்வளவு என்பதை டிரைவர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் சொல்லும். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு, அதை அடிக்காதீர்கள். காலையில் வண்டி எடுத்ததும் பக்கத்து பங்கில் பாருங்கள். மத்தியானம் ஓடி வந்த டயரில் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் ராத்திரி குறைந்துபோகும். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் விழும்போது பக்கச்சுவர் ரிம்முக்கும் பள்ள விளிம்புக்கும் நடுவில் நசுங்கி உள்நூல் அறுந்துவிடும். அந்த இடம்தான் பிறகு கொழுக்கட்டை மாதிரி புடைத்து வரும். புடைப்பு வந்த டயரை அன்றே மாற்ற வேண்டும். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கொடுப்பது அவசியமில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

எப்போது மாற்றுவது? பட்டன் இடுக்கில் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அதற்குச் சமமானால் மீதி 1.6 மி.மீ. அதுதான் சட்ட எல்லை. ஆனால் நம் ஊர் மழையில் தேங்கிய தண்ணீரைப் பிதுக்கித் தள்ள அது போதாது, 3 மி.மீ. வந்ததுமே மழைக்கு முன்னால் மாற்றுவது எங்கள் பரிந்துரை. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியது, நடு தேய்ந்திருந்தால் அதிகம், ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி போகும்.

வாங்கும்போது அளவை மாற்றாதீர்கள். பல கார்களில் உள்ள 185/65 ஆர்15 88எச் என்பதில் 185 அகலம் மி.மீ.யில், 65 என்பது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 15 ரிம் அங்குலம், 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. 88 இருந்த இடத்தில் 84 போடக் கூடாது, கூடினால் பரவாயில்லை. 195/65க்குப் போனால் விட்டம் சுமார் 2 சதவீதம் கூடும், ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும்.

அடுத்து தேதி. பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் உள்ள நாலு எண்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் டயர் தொழிற்சாலைகள் இருக்கும் ஊர் இது, ஆறு மாதத்துக்குள் தயாரான டயரைக் கேட்டு வாங்குவது நியாயம்தான். நாலு டயரின் எண்ணையும் பாருங்கள், ஒன்று மட்டும் பழையதாகக் கலந்திருக்கலாம். சில டயர்களில் வெப்பத் தரம் ஏ, பி, சி என்று இருக்கும். நம் வெயிலுக்கு ஏ பாருங்கள். மைலேஜுக்கென்று செய்த டயர்கள் பல இலகுவானவை, பள்ளமும் கம்பியும் உள்ள வழியில் தினமும் ஓடுபவர் பக்கச்சுவர் உறுதியானதைக் கேட்பது நல்லது. பழைய டயரை விலை குறைவு என்று வாங்கவே வேண்டாம், உள்ளே அறுந்த நூலை யாரும் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டு மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால் போடுங்கள். கடைக்காரர் முன்னால் போடத்தான் பார்ப்பார். தண்ணீரில் முன்பக்கம் பிடி விட்டால் வேகத்தைக் குறைத்து மீளலாம், பின்பக்கம் விட்டால் வண்டியே சுற்றிவிடும்.

மாட்டும்போது புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் மூன்றும் சேர வேண்டும். அம்புக்குறி இருந்தால் சுழலும் திசை, வெளிப்பக்கம் என்று எழுதியிருந்தால் அது வெளியே இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பில்லில் டயர் எண்களை எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள். முதல் 200 கி.மீ. சடன் பிரேக் வேண்டாம், டயரை அச்சிலிருந்து எடுக்கத் தடவிய வழவழப்பு தேயும்வரை பிடி முழுதாக இருக்காது. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை ஒரு தடவை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியிலும் காற்று பிடித்துவிடுங்கள்.